பைக்குக்காக யாரும் கப்பல் விடவில்லை

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றியவர்களின் படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பாலைவனம், மலைப்பாதை, முழங்கால் வரை சேறு, வண்டியைச் சுற்றி நின்று சிரிக்கும் சின்னப் பையன்கள். கடல் மட்டும் இருக்காது. ஆனால் பூமியின் பரப்பில் ஏறத்தாழ 71 சதவீதம் தண்ணீர். பைக்கில் உலகம் சுற்றக் கிளம்பிய எவரும் எங்காவது ஓர் இடத்தில் ரோடு முடிந்து, எதிரே அலையைப் பார்த்துக்கொண்டு நின்றே ஆகவேண்டும். அப்புறம்?

அப்புறம் கப்பல்தான். பயணப் புத்தகங்களில் "அங்கிருந்து கப்பலேறி..." என்று அரை வரியில் இது முடிந்துவிடும். அடுத்த வரியில் ஆள் வேறு கண்டத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். அந்த அரை வரிக்குள் ஒரு நூறு வருடக் கதை ஒளிந்திருக்கிறது. அதில் பெரிய பங்கு வங்காள விரிகுடாவுக்கு, அதிலும் குறிப்பாக நம்ம மெட்ராஸ் துறைமுகத்துக்கு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

முதல் ஆள்

மோட்டார் சைக்கிளில் முதன்முதலாக உலகைச் சுற்றியவர் என்று பொதுவாக ஒத்துக்கொள்ளப்படுபவர் கார்ல் ஸ்டியர்ன்ஸ் கிளான்சி என்ற அமெரிக்க இளைஞர். 1912 அக்டோபரில் அயர்லாந்தின் டப்ளின் நகரிலிருந்து கிளம்பினார். கூட வால்டர் ஸ்டோரி என்ற நண்பர். ஸ்டோரி டப்ளினிலேயே, முதல் நாளே, டிராம் வண்டியில் மோதிக்கொண்டார். பாரிஸ் வரை தாக்குப்பிடித்துவிட்டு, "நீ போய் வா" என்று கழன்றுகொண்டார். மீதி உலகத்தைக் கிளான்சி தனியாகச் சுற்றினார்.

அவர் ஓட்டியது ஹென்டர்சன் என்ற நான்கு சிலிண்டர் வண்டி. அந்தக் கம்பெனி வண்டி விற்க ஆரம்பித்ததே அந்த வருடம்தான். 934 சிசி, 7 குதிரைசக்தி. கியர் மாற்றும் வேலையே கிடையாது, ஒரே கியர். இன்றைக்கு அந்தத் திறனில் ஒரு மொபெட் ஓடும். ஐரோப்பா, ஸ்பெயின், அங்கிருந்து கடல் தாண்டி அல்ஜீரியா, துனிசியா, பிறகு சிலோன், மலாயா, சீனா, ஜப்பான், கடைசியாக அமெரிக்கா. 1913 ஆகஸ்டில் நியூயார்க்கில் முடித்தார். வண்டி ஓட்டிய தூரம் சுமார் 18,000 மைல்.

இந்த வரிசையை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். துனிசியாவுக்குப் பிறகு சிலோன். நடுவில் அரேபியாவையும் பாரசீகத்தையும் காணோம். இந்தியாவையும் காணோம்! ஒரு கண்டத்தின் பாதியைத் தாண்டிக் குதித்திருக்கிறார். காரணம் எளிது. கிளான்சியின் பாதையைத் தீர்மானித்தது சாலை வரைபடம் இல்லை, கப்பல் கம்பெனிகளின் கால அட்டவணை. சூயஸ் கால்வாய் 1869-ல் திறந்த பிறகு ஐரோப்பாவிலிருந்து கிழக்கே போகிற கப்பல்கள் போர்ட் சயீத், ஏடன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் என்று ஒரே கோட்டில் நின்று நின்று போயின. ஒவ்வொரு இடத்திலும் நிலக்கரி ஏற்றவேண்டும், தபால் இறக்கவேண்டும். தபாலும் தேயிலையும் ரப்பரும் அதிகாரிகளும் போவதற்காக ஓடிய கப்பல்கள் அவை. அந்தக் கோட்டில் ஒருவர் வண்டியோடு ஏறிக்கொண்டு, நிற்கிற ஊர்களில் இறங்கி ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம். கொழும்பு அந்தக் கோட்டில் இருந்தது. அதனால் இலங்கையின் மலைச் சாலைகளுக்கு ஒரு ஹென்டர்சன் வந்தது.

ஆக, உலகின் முதல் "பைக் உலகச் சுற்றுலா" கிட்டத்தட்ட ஒரு கப்பல் பயணம். நடுநடுவே பைக் ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இதைச் சொல்வதால் கிளான்சியின் சாதனை குறையாது. கடைசிக் கட்டத்தில் அமெரிக்காவைக் குறுக்காகத் தாண்டியபோது அங்கே கண்டம் முழுவதும் போகிற ஒரு தார்ச்சாலைகூடக் கிடையாது. சேற்றில் உருட்டிக்கொண்டுதான் போனார்.

அவருக்கு இருபது வருடம் கழித்து, 1932-ல், ராபர்ட் எடிசன் ஃபுல்டன் ஜூனியர் லண்டனிலிருந்து டக்ளஸ் வண்டியில் கிளம்பினார். ஒரு விருந்தில், ஊருக்கு எப்படித் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டபோது சும்மா ஒரு பந்தாவுக்கு "மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லிவிட்டார். அதே மேஜையில் டக்ளஸ் கம்பெனிக்காரர் உட்கார்ந்திருந்தார். வண்டியை நாங்கள் தருகிறோம் என்றார். வாயால் கெட்டது என்பது இதுதான்! 1933 டிசம்பரில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். (பின்னாளில் பறக்கும் கார் ஒன்றைச் செய்து காட்டியவரும் இவர்தான். அது வேறு கதை.) ஃபுல்டன் காலத்திலும் முறை மாறவில்லை. கப்பல் இருந்தது, ஏறினார்.

பர்மா கதவு

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நிலைமை வேறு மாதிரி ஆனது. ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இந்தியா வரை வண்டியிலேயே வந்துவிட முடிந்தது. 1960-களிலும் 70-களிலும் ஹிப்பிகள் கூட்டம் கூட்டமாக வந்த பாதை இது. ஆனால் இந்தியாவுக்குக் கிழக்கே?

1955-56-ல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் ஆறு பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை தரைவழியாகவே போனார்கள். அசாமின் லெடோவிலிருந்து போர்க்காலத்தில் போட்ட ரோடு வழியாகப் பர்மாவுக்குள் புகுந்தார்கள். அவர்களுக்குப் பிறகு அந்த வழி காட்டுக்குள் மறைய ஆரம்பித்தது. 1962-ல் நே வின் தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பர்மா வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தியது. வடக்கே சீனா ஏற்கெனவே மூடிய நாடு.

அப்படியென்றால் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா போகிறவருக்கும், அங்கிருந்து லண்டன் திரும்புகிறவருக்கும் வழி? வங்காள விரிகுடாவைத் தாண்டவேண்டும். அதற்குக் கப்பல் இருந்தது. மெட்ராஸிலிருந்து பினாங்குக்கு.

ரஜுலாவும் சிதம்பரமும்

இந்தக் கப்பல் பாதை பைக்காரர்களுக்காகவோ ஹிப்பிகளுக்காகவோ வந்தது அல்ல. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களுக்காக வந்தது. கங்காணிகள் கிராமம் கிராமமாக ஆள் சேர்த்தார்கள். மெட்ராஸிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றி, பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிளாங்) சிங்கப்பூரிலும் இறக்கினார்கள். 1938-ல் இந்திய அரசு இந்த ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. ஆனாலும் பாதை நிற்கவில்லை. ஏற்கெனவே போனவர்கள் லட்சக்கணக்கில் அங்கே இருந்தார்களே! அம்மாவைப் பார்க்க, கல்யாணம் முடிக்க, கோயில் திருவிழாவுக்கு, சாவுக்கு... ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

இவர்களைச் சுமந்த கப்பல்களில் பேர்போனது ரஜுலா. 1926-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1973 வரை ஓடியது. 47 வருடம்! தொடக்க காலத்தில் ஐயாயிரம் பேர் வரை ஏற்ற அனுமதி பெற்றிருந்த கப்பல். பெரும்பாலோர் "டெக்" பயணிகள். அதாவது கேபின் கிடையாது, கட்டில் கிடையாது. தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளவேண்டியதுதான். தஞ்சை, நாகை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து வீடுகளில் தாத்தா பாட்டியைக் கேட்டால் ரஜுலா என்ற பேர் இன்றும் வரும்.

ரஜுலா ஓய்வு பெற்ற சமயத்தில் அந்தப் பாதைக்கு எம்.வி. சிதம்பரம் வந்தது. இந்தியக் கப்பல் கழகத்தின் கப்பல். அதற்கு முன் அது பிரெஞ்சுக் கப்பல், பேர் பாஸ்டர். ஐரோப்பாவிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் போக 1966-ல் கட்டப்பட்டது. விமானங்கள் வந்து அந்தப் பாதையில் பயணிகள் குறைந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் விற்றுவிட்டார்கள். அட்லாண்டிக் கடலில் வேலையில்லாமல் போன கப்பலுக்கு வங்காள விரிகுடாவில் வேலை கிடைத்தது. ஏனென்றால் இங்கே இருந்த பயணிகளுக்கு விமான டிக்கெட் வாங்க வசதி வரவில்லை.

இந்த இடத்தில்தான் பைக்காரர்கள் வருகிறார்கள்.

டெட் சைமன் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் 1973 அக்டோபர் 6-ம் தேதி லண்டனிலிருந்து டிரையம்ஃப் டைகர் 500 சிசி வண்டியில் கிளம்பினார். அதே நாளில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேல் மீது போர் தொடுத்தன. அவர் போகவேண்டிய வழியே எகிப்துதான்! எப்படியோ போய்ச் சேர்ந்தார். ஆப்பிரிக்காவை முடித்துவிட்டுச் சரக்குக் கப்பலில் பிரேசிலின் ஃபோர்ட்டலேசா துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அங்கே ராணுவ ஆட்சி. உளவாளியோ என்று சந்தேகப்பட்டுப் பல நாட்கள் பிடித்து வைத்திருந்தார்கள். ரோட்டில் வருபவனைவிடக் கப்பலில் வந்து இறங்குபவன் மேல் அதிகாரிகளுக்குச் சந்தேகம் அதிகம் என்பது எல்லாக் காலத்திலும் உண்மைபோல.

தென் அமெரிக்கா, கலிஃபோர்னியா, ஆஸ்திரேலியா என்று சுற்றிவிட்டு மலேசியா வந்த சைமன், 1976 வாக்கில் பினாங்கிலிருந்து கடல் வழியாக மெட்ராஸ் வந்து சேர்ந்தார். இந்தியாவைச் சுற்றிவிட்டு 1977-ல் லண்டன் திரும்பினார். நான்கு வருடம், 45 நாடுகள். 1979-ல் வந்த அவருடைய 'ஜூபிடர்ஸ் டிராவல்ஸ்' புத்தகத்தைப் படித்துவிட்டு வேலையை விட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம்.

அடுத்து எல்ஸ்பெத் பியர்ட். லண்டனில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவி. 1982-ல் பழைய பிஎம்டபிள்யூ ஆர்60 ஒன்றில் கிளம்பி, மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதல் பிரிட்டிஷ் பெண் ஆனார். ஸ்பான்சர் என்று யாரும் இல்லை. சிட்னியில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். சாமான் வைக்கும் அலுமினியப் பெட்டிகளைத் தானே செய்துகொண்டார். தாய்லாந்தில் நாய் குறுக்கே வந்து விழுந்து அடிபட்டபோது ஓர் ஏழைக் குடும்பம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டது. (அந்த நாய் பிறகு சமையல் பாத்திரத்துக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார்.) அவரும் பினாங்கிலிருந்து மெட்ராசுக்குக் கடல் வழியாகத்தான் வந்தார். 1984-ல் லண்டன் சேர்ந்தார்.

அந்தக் காலத்துக் கப்பலில் வண்டி ஏற்றுவது எப்படி என்று தெரிந்துகொண்டால்தான் பின்னால் என்ன மாறியது என்று புரியும். வண்டியைத் துறைமுகப் பாலம் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். பெட்ரோலை வடித்துவிடவேண்டும். கப்பலின் தூக்கி வண்டியைக் கயிறு கட்டியோ வலையில் போட்டோ தூக்கி, அரிசி மூட்டைக்கும் வெங்காய மூட்டைக்கும் பக்கத்தில் சரக்கு அறையில் இறக்கும். கண்ணாடி உடையலாம், டேங்க் நசுங்கலாம். ஆனால் வண்டிக்காரர் மேலே டெக்கிலோ கேபினிலோ அதே கப்பலில் இருப்பார். சில நாட்கள் கழித்து ஆளும் வண்டியும் ஒன்றாக இறங்கும். சுங்க அதிகாரி முன்னால் பாஸ்போர்ட்டும் வண்டியும் சேர்ந்து நிற்கும்.

"அதனால் என்ன" என்று தோன்றலாம். அங்கேதான் கார்னே வருகிறது. வண்டியை ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாகக் கொண்டுபோக, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மோட்டார் சங்கங்கள் உருவாக்கிய சுங்கப் புத்தகம் அது. வண்டிக்கு ஒரு பாஸ்போர்ட் மாதிரி. உள்ளே வரும்போது ஒரு முத்திரை, வெளியே போகும்போது ஒரு முத்திரை. வெளியே போன முத்திரை இல்லையென்றால் வண்டியை அங்கேயே விற்றுவிட்டதாக அர்த்தம். இறக்குமதி வரியைச் சங்கம் கட்டவேண்டும், சங்கம் அதை உங்கள் முன்பணத்தில் எடுத்துக்கொள்ளும். சில நாடுகளுக்கு இந்த முன்பணம் வண்டி விலையைவிட அதிகம். இன்றும் கார்னே கேட்கிற நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆளும் வண்டியும் சேர்ந்து வந்தால் இது ஒரு நாள் அலைச்சல். தனித்தனியாக வந்தால் வாரக்கணக்கில் தலைவலி.

1985

1985 பிப்ரவரியில் வங்கக் கடலில் சென்றுகொண்டிருந்தபோது சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் அதற்குப் பிறகு பயணிகளை ஏற்றவில்லை, உடைக்கப் போனது. அதன் இடத்துக்கு வேறு கப்பல் வரவுமில்லை. தலைமுறை தலைமுறையாக ஓடிய மெட்ராஸ் - மலாயா பயணிகள் பாதை அதோடு முடிந்தது.

தீ மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழுக்க உண்மை ஆகாது. அதற்குள் விமானக் கட்டணம் இறங்கி, மலேசியத் தமிழர்களும் சிங்கப்பூர்த் தமிழர்களும் விமானத்துக்கு மாறத் தொடங்கியிருந்தார்கள். அட்லாண்டிக்கில் 1960-களில் நடந்தது இங்கே இருபது வருடம் தாமதமாக நடந்தது. கூட்டம் இல்லாத பாதைக்குப் புதுக் கப்பல் வாங்கிப் போட எந்த நிறுவனமும் முன்வராது.

பைக் பயணங்களைப் பற்றி எழுதுபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. தனி மனிதன், தனி வண்டி, யாரையும் நம்பாத வீரம் என்றுதான் எழுதுகிறார்கள். ஆனால் அந்தத் தனி மனிதன் வங்காள விரிகுடாவைத் தாண்டியது, தளத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த சனங்கள் கொடுத்த டிக்கெட் காசில் ஓடிய கப்பலில். ரப்பர் வெட்டியவர்கள் ஊருக்கு வந்து போகிற வரைக்கும் உலகம் சுற்றுகிறவர்களுக்கும் வழி இருந்தது. அவர்கள் விமானத்துக்கு மாறியதும் இவர்களுக்கு வழி போனது. தோட்டத் தொழிலாளியைப் பற்றிய வரலாற்றிலும் பைக் வராது, பைக் வரலாற்றிலும் தொழிலாளி வரமாட்டார். கப்பல் மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

பெட்டி வந்த கதை

பயணிகள் கப்பல் போனால் என்ன, சரக்குக் கப்பல் இருக்கிறதே? இருக்கிறது. ஆனால் அதுவும் ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது.

1956 ஏப்ரல் 26-ம் தேதி மால்கம் மெக்லீன் என்ற லாரிக் கம்பெனி முதலாளி, ஐடியல் எக்ஸ் என்ற கப்பலில் 58 இரும்புப் பெட்டிகளை அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 5.86 டாலர் ஆனது, பெட்டியாக ஏற்றியபோது 16 சென்ட்தான் ஆனது என்பது பிரபலமான கணக்கு. அதற்குப் பிறகு உலகமே கன்டெய்னருக்கு மாறியது. பழைய கப்பல் துறைமுகத்தில் ஒரு வாரம் நிற்கும். கன்டெய்னர் கப்பல் ஒரு நாளில் கிளம்பிவிடும். பழைய துறைமுகங்கள் ஊர் நடுவில் இருந்தன. புதியவை ஊருக்கு வெளியே கம்பி வேலிக்குள் போயின. பைக்கை ஓட்டிக்கொண்டுபோய்க் கப்பலடியில் நிறுத்துகிற காலம் முடிந்தது.

ஆளையும் ஏற்றுவதில்லை. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிப்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றினாலே அது "பயணிகள் கப்பல்" கணக்கில் வந்துவிடும். அதற்கு விதிகள் வேறு, செலவு வேறு. சரக்குக் கப்பல்காரர்களுக்கு அந்த வம்பே வேண்டாம். ஆக, சாமான் அனுப்புவது உலக வரலாற்றிலேயே இல்லாத அளவுக்கு மலிவானது. வண்டியோடு ஆள் போவது மட்டும் முடியாமல் போனது.

இப்போது பைக் அனுப்புவது என்றால் முதலில் மரப்பெட்டி. பைக்கை அதற்குள் நிறுத்தி வார்ப்பட்டை போட்டுக் கட்டவேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும், பெட்ரோலை வடிக்கவேண்டும். எரிபொருளில் ஓடும் வண்டி சர்வதேச விதிப்படி "ஆபத்தான சரக்கு" பட்டியலில் வருகிறது. பெட்டியின் மரத்துக்கும் விதி உண்டு! பூச்சி பரவாமல் இருக்க, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்கும்படி சூடாக்கி முத்திரை குத்தியிருக்கவேண்டும். இல்லையென்றால் இறங்குகிற நாட்டில் பெட்டியையே திருப்பி அனுப்பலாம்.

ஒரு முழு கன்டெய்னருக்கு ஒரு பைக் ரொம்பச் சின்னது. அதனால் மற்றவர்களின் சரக்கோடு பங்கு போடவேண்டும். கட்டணம் எடையை வைத்து இல்லை, பெரும்பாலும் கன அளவை வைத்து. இங்கே கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்க்கலாம். பெட்டி 2.2 மீட்டர் நீளம், 0.9 அகலம், 1.2 உயரம் என்றால் 2.38 கன மீட்டர். முன் சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, கண்ணாடிகளை எடுத்துவிட்டால் 1.9, 0.8, 1.1 என்று சுருக்கலாம். 1.67 கன மீட்டர். கிட்டத்தட்ட 30 சதவீதம் மிச்சம்! நாலு ஸ்பேனரும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும். அதனால்தான் அனுபவசாலிகள் எல்லோரும் முன் சக்கரத்தில் கை வைக்கிறார்கள்.

ஆனால் கப்பல் கட்டணம் இந்த விளையாட்டில் சின்ன பாகம். போய்ச் சேர்ந்த இடத்தில்தான் நிஜச் செலவு. கன்டெய்னரைப் பிரிக்கும் கட்டணம், கிடங்கு வாடகை, கிளியரிங் ஏஜென்ட் கூலி, சுங்கப் பரிசோதனை. கப்பல் வந்தும் ஆள் வரவில்லை என்றால் நாளுக்கு நாள் வாடகை ஏறும். ஆள் வந்தும் கப்பல் வரவில்லை என்றால் விசா கரையும். வழியில் ஒரு பெரிய துறைமுகத்தில் பெட்டி வேறு கப்பலுக்கு மாறும். அங்கே ஒரு கப்பலைத் தவறவிட்டால் அடுத்ததற்காகக் கிடக்கவேண்டியதுதான். ஆஸ்திரேலியாவுக்கு என்றால் இன்னொரு கூத்து. வெளிநாட்டு மண்ணோ விதையோ உள்ளே வரக்கூடாது என்று அங்கே கடுமையான சட்டம். பத்து நாட்டுச் சேற்றைப் பூசிக்கொண்டு வந்த வண்டியைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து இண்டு இடுக்கெல்லாம் தேய்க்கவேண்டும். சங்கிலிக்கு அடியில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தாலும், காசு கட்டி மறுபடி கழுவச் சொல்வார்கள்.

106 கிலோமீட்டர் பள்ளம்

இதே கதை பூமியின் மறுபக்கத்திலும் நடந்திருக்கிறது. அலாஸ்காவிலிருந்து அர்ஜென்டினாவின் தென்கோடி வரை போகும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலையில் ஒரே ஓர் இடத்தில் ரோடு இல்லை. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் நடுவில் டேரியன் காடு, சுமார் 106 கிலோமீட்டர். 1972-ல் பிரிட்டிஷ் ராணுவத்தினர் இரண்டு ரேஞ்ச் ரோவர்களை இந்தக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு தாண்ட நூறு நாட்கள் அளவுக்கு ஆனது. 1959-61-ல் அமெரிக்க விவசாயி டேனி லிஸ்கா பைக்கைக் கப்பலில் அனுப்பிவிட்டு, தான் மட்டும் நடந்தே காட்டைத் தாண்டினார். (வழியில் அர்ஜென்டினாவில் யுல் பிரின்னருக்கு டூப் போட்டு ஒரு ஹாலிவுட் படத்திலும் நடித்தார். நம்பித்தான் ஆகவேண்டும்.)

இங்கே ஒரு நிரந்தரப் படகு சேவை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! முயற்சி செய்யாமல் இல்லை. 2014-ல் வாகனங்களையும் பயணிகளையும் ஏற்றும் ஃபெரி ஒன்று பனாமாவிலிருந்து கொலம்பியாவின் கார்ட்டஹேனாவுக்கு ஆரம்பித்தது. அடுத்த வருடமே நின்றுபோனது. காரணம் யூகிக்க முடிகிற ஒன்றுதான். இரண்டு நாட்டு மக்களும் விமானத்தில் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறார்கள், சரக்கு கன்டெய்னரில் போகிறது. மிச்சம் இருப்பது பைக்காரர்களும் வேன்காரர்களும்தான். அவர்களை மட்டும் நம்பி ஃபெரி ஓட்டினால் டீசல் காசுகூடத் தேறாது.

பல வருடங்கள் அந்த இடைவெளியை நிரப்பியது ஷ்டால்ராட்டே என்ற பாய்மரக் கப்பல். 1903-ல் கட்டியது. எஃகு எலி என்று அர்த்தம். பைக்குகளைக் கயிறு கட்டி மேலே தூக்கி, தளத்தில் வரிசையாகச் சாய்த்துக் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, சான் பிளாஸ் தீவுகள் வழியாகக் கொண்டுபோனார்கள். ஆளும் வண்டியும் ஒரே கப்பலில்! நூறு வயது தாண்டிய ஒரு பழைய கப்பலால்தான் அது முடிந்தது என்பதைக் கவனிக்கவேண்டும்.

மறுபடியும் பர்மா

2013 ஆகஸ்டில் மியன்மார் தாய்லாந்து எல்லையின் நான்கு வாயில்களை வெளிநாட்டவருக்குத் திறந்தது. அனுமதிச் சீட்டும் கூடவே ஒரு வழிகாட்டியும் கட்டாயம், செலவும் அதிகம். ஆனாலும் மணிப்பூரின் மோரேயில் நுழைந்து தாய்லாந்தின் மே சோட்டில் வெளியே வர முடிந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு லண்டனிலிருந்து சிங்கப்பூர் வரை மறுபடி ரோட்டிலேயே போகலாம் என்றானது. நிறையப் பேர் போனார்கள், இந்தியாவிலிருந்தும் போனார்கள்.

அது ஏழு வருடம்கூட நிலைக்கவில்லை. 2020-ல் கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டன. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, உள்நாட்டுப் போர் பெரிதானது. 1962-ல் சாத்திய அதே கதவை அதே மாதிரி ஆட்கள் மறுபடி சாத்தினார்கள். இந்த முறை பக்கத்தில் சிதம்பரம் கப்பல் இல்லை.

எனவே இந்தியாவிலிருந்து கிழக்கே போகிற பைக் மரப்பெட்டிக்குள் போய்க் கன்டெய்னரில் ஏறுகிறது, அல்லது காத்மாண்டு மாதிரி ஊரிலிருந்து சரக்கு விமானத்தில் போகிறது. கப்பலில் போனால் எப்போது கையில் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடிவதில்லை. ஓட்டுகிறவர் சென்னையில் விமானம் ஏறி நாலு மணி நேரத்தில் கோலாலம்பூரில் இறங்கிவிடுகிறார். பக்கத்து சீட்டில் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஒரு மலேசியத் தமிழ்க் குடும்பம் உட்கார்ந்திருக்கும். இறங்கியதும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இவர் போர்ட் கிளாங் பக்கத்தில் ஒரு மலிவான லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் காலையில் ஏஜென்டுக்கு போன் போட்டு, பெட்டி வந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.